கல்லைக் காக்கும் சாந்து

பழைய வீட்டின் கல் சுவர் உதிரத் தொடங்கியதும், இன்னும் உறுதியான ஒரு பொருளைப் பூசிச் சுவரை இறுக்கிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்காரருக்குத் தோன்றும். கடையில் அதற்கேற்ற பொருள்களும் கிடைக்கின்றன: சிமென்ட், எபாக்ஸி, சிலிக்கான் பூச்சு, வாட்டர் புரூஃபிங் கரைசல். எல்லாம் தண்ணீரைத் தடுக்கும், பிடிப்பு தரும் என்ற உறுதிமொழியோடுதான் வருகின்றன. இந்த அத்தியாயம் சொல்வது அதற்கு நேர்மாறானது. சுண்ணாம்பில் கட்டிய கல் சுவரைக் கல்லைவிட மென்மையான, கல்லைவிடச் சுலபமாக ஈரத்தை வெளியே விடுகிற சாந்து கொண்டுதான் பழுதுபார்க்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோவது சாந்தாக இருக்கட்டும். சாந்தை முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கல்லை அப்படி மாற்ற முடியாது.

செட்டிநாட்டு வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை எழுந்த இந்த வீடுகள், 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. முகப்பின் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் படம் எடுக்காதவர் இல்லை. வீட்டைத் தாங்குவதோ கீழே இருக்கும் கருங்கல் அடிமானமும், செங்கல்லும் செம்புராங்கல்லும் கலந்த கனத்த சுவர்களும், முற்றத்தைச் சுற்றி நிற்கும் கல் தூண்களும்தான். உதிர்வது பெரும்பாலும் அங்கேதான். குமரி மாவட்டத்து வெட்டுக்கல் வீடுகளுக்கும், யாழ்ப்பாணத்திலும் இராமேஸ்வரத்திலும் முருகைக்கல்லால் கட்டிய பழைய சுவர்களுக்கும் இங்கே சொல்லும் காரணங்கள் அப்படியே பொருந்தும். கல் எவ்வளவு மென்மையோ அவ்வளவு கூடுதலாகப் பொருந்தும்.

முதலில் சேதம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தில் இருக்கும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கத் தனி அடுக்கு போடும் வழக்கம் பரவலாக இல்லை. ஏறும் ஈரம், காரை நிரப்பிய இணைப்புகளின் வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் ஆவியாகிப் போய்விடும் என்ற கணக்கில்தான் கட்டினார்கள். ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் எந்த உயரத்தில் சமமாகின்றனவோ, அந்த உயரத்தோடு ஈரம் நின்றுவிடும். இந்த ஒரு விதி புரிந்துவிட்டால் பழுதுபார்ப்பில் பாதி புரிந்துவிடும். அடிச்சுவரில் ஈரம் கசிகிறது என்று அங்கே மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினால், ஆவியாகும் பரப்பு அடைபட்டுப் போகிறது. ஏறும் ஈரம் குறைவதில்லை. சமநிலை தேடி அது இன்னும் மேலே போகிறது. இரண்டு மழைக்காலம் கழித்து நான்கடி, ஐந்தடி உயரத்தில் சுண்ணாம்பு பொரிந்து விழும்போது, 'சிமென்டை இன்னும் உயரமாகப் பூசியிருக்கலாம்' என்று கொத்தனார் சொல்வார். அந்தப் பேச்சை நம்பி மேலே மேலே பூசிக்கொண்டே போன சுவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

ஈரம் தனியாக வருவதில்லை. மண்ணில் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பில் படிகமானால் வெள்ளைத் தூள் பூக்கும், துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமானால், வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. சிமென்டால் பாயிண்டிங் செய்த செம்புராங்கல் சுவர் ஒன்றைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். கட்டும்போது கல்லின் முகமும் இணைப்பும் ஒரே மட்டத்தில் இருந்திருக்கும். இப்போது சாம்பல் நிறச் சிமென்ட் கோடுகள் மட்டும் பழைய மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்க, கல் ஒரு அங்குலம், சில இடங்களில் இரண்டு அங்குலம் உள்ளே போயிருக்கும். சுவரே வெற்றுத் தேன்கூடு மாதிரி தெரியும். குழிக்குள் விரலை வைத்துத் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டும். பொடிக்குள் வெள்ளை உப்பு மின்னும். இணைப்பு வழியே போக முடியாத ஈரம் கல் வழியே போயிருக்கிறது; போகும்போது கல்லையும் அரித்திருக்கிறது. போதாக்குறைக்குச் சிமென்டிலிருந்தே காரமும் சல்பேட்டும் கரைந்து அந்த உப்போடு சேர்கின்றன.

வலிமைக் கணக்கும் இதையேதான் காட்டுகிறது. செம்புராங்கல் கட்டைக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச அழுத்த வலிமை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். ஒன்றுக்கு மூன்று என்று கலந்த சிமென்ட் சாந்து 10 நியூட்டனைத் தாண்டும். வெயிலில் சுவர் விரிந்து இரவில் சுருங்கும்போது, அடித்தளம் இம்மி அளவு அசையும்போது, இரண்டில் எது விட்டுக்கொடுக்கும் என்று கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் இணைப்பில் மயிரிழை விரிசல் விழும். ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலில் மறுபடி படிந்து, சிறியவற்றைத் தானே அடைத்துவிடுவதும் உண்டு. சிமென்டாக இருந்தால் கல்லின் விளிம்பு பெயரும்.

'அதெல்லாம் செம்புராங்கல்லுக்குச் சரி, கருங்கல்லுக்கு என்ன வந்தது? அது சிமென்டைவிடப் பல மடங்கு உறுதியாயிற்றே' என்ற கேள்வி நியாயமானது. கருங்கல்லைச் சிமென்ட் நசுக்காது என்பது உண்மைதான். ஆனால் கருங்கல் ஈரத்தை ஏறக்குறைய விடவே விடாது. எனவே கருங்கல் அடிமானத்தில் மூச்சு விடுவது இணைப்பு மட்டும்தான். அதையும் சிமென்டால் அடைத்தால் ஈரம் முழுவதும் மேலே இருக்கும் செங்கல்லுக்கும் செம்புராங்கல்லுக்கும் போய்ச் சேரும். உப்புக்கு முன் கருங்கல்லும் அழியாத பொருள் அல்ல என்பதற்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் சாட்சி. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோயிலின் சிற்பங்கள் உப்புக் காற்றில் மழுங்கிப்போயின. தொல்லியல் துறை அங்கே காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறது. கல்லில் ஊறிய உப்பை எடுக்கக் காகிதக் கூழ் பூசிப் பூசி உரிக்கிறது. வலிமையான எதையோ பூசிக் கல்லை மூடிவிடவில்லை. உப்பு வெளியே வர வழி செய்கிறது. வீட்டுச் சுவருக்கும் அதே முறை உதவும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்த வெள்ளைக் காகிதக் கூழை ஒரு விரல் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்து, சுவரருகே போடாமல் தூர எறிய வேண்டும். இரண்டு மூன்று முறை செய்யும்போது கூழில் படியும் உப்பு குறைந்துகொண்டே வரும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் இதைச் செய்தால், ஒரு பருவத்துக்குள் உப்பு திரும்பிவிடும்.

ஆகவே சாந்தைத் தொடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சரியான காலம் ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, ஓட்டுக் கூரையின் தூம்பு எங்கே வழிகிறது, முற்றத்து நீர் போகும் மதகில் எங்கே தேங்குகிறது, ஏ.சி.யிலிருந்து வரும் குழாய் எந்தக் கல்லின் மேல் சொட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழகத்து ஊர்களில் பெரிய குற்றவாளி தெருவே. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால், இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கருங்கல் அடிமானம் மண்ணுக்குள் புதைந்து, ஈரத்தைத் தாங்கப் பிறந்திராத செங்கல் சுவர் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும் முன்பே நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் மனுக் கொடுப்பது, எந்தப் பூச்சைவிடவும் சுவருக்கு அதிகம் உதவும். வீட்டை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டிருந்தால், சுவரிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு அதை உடைத்தெடுத்து ஜல்லி நிரப்பி, நீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். சுவரடி ஈரம் ஆவியாக இன்னொரு வழி கிடைக்கும்.

உட்சுவரில் தெரியும் ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாவிட்டால், இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்குக் காற்றோட்டம் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இது மிகச் சாதாரணம். ஜன்னலைத் திறந்து வைக்க ஆள் ஏற்பாடு செய்வதே அங்கே பழுதுபார்ப்பு.

வீடு எந்தச் சாந்தில் கட்டப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவில் போர்ட்லாந்து சிமென்ட் தயாரிக்கும் முயற்சி 1904-ல் சென்னையில் தொடங்கியது; பெரிய அளவில் கிடைக்கத் தொடங்கியது முதல் உலகப் போரை ஒட்டித்தான். அதற்கு முந்தைய வீடு சுண்ணாம்பு வீடு என்றே கொள்ளலாம். 1930களில் கட்டிய செட்டிநாட்டு வீடுகளிலோ சிமென்டும் இரும்புக் கம்பியும் முதலிலேயே சேர்ந்திருக்கும். அவற்றில் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது தவறான வைராக்கியம். எந்தப் பகுதி சுண்ணாம்போ அந்தப் பகுதிக்குத்தான் என் வாதம்.

இனி வேலைக்கு வருவோம். பழைய சிமென்ட் பாயிண்டிங்கை எடுக்க ஆங்கிள் கிரைண்டர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தட்டு ஒரு நொடி வழுக்கினால் கல்லின் விளிம்பு போய்விடும். செம்புராங்கல்லில் இணைப்பு நேர்கோட்டில் இருப்பதே அபூர்வம். இணைப்பைவிடக் குறுகிய உளியும் சிறு சுத்தியலும் போதும். சிமென்ட் கல்லோடு இறுகப் பிடித்திருந்து, எடுத்தால் கல்லும் கூட வரும் என்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது தானே தளரும்வரை காத்திருக்கலாம். பெயர்த்த இணைப்பின் ஆழம் அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது, ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேலாகப் பூசிய சாந்து நிற்காது. தூசியைத் தூரிகையால் தட்டி, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரால் கழுவி, கல் ஈரமாகவும் நீர் வழியாமலும் இருக்கும் பதத்தில் சாந்தை அடைக்கத் தொடங்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும். சாந்து இறுகாமல் மணலாக உதிரும்.

சாந்துக்கு, சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி சில வாரமாவது ஊறவிட்ட களிச்சுண்ணாம்பு வேண்டும். நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணலில் பருமனும் பொடியும் கலந்திருக்க வேண்டும். எம்-சாண்ட் என்றால் கழுவிய மணலாகக் கேளுங்கள். கடல் மணலும் உவர்ப்பான போர் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். வெளியேற்றப் பாடுபடும் உப்பை நாமே உள்ளே கொண்டுவைத்ததாகிவிடும். எப்போதும் ஈரமாக இருக்கும் அடிப்பகுதிக்கு, மணலில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் நன்கு வெந்த செங்கல்லின் பொடியைச் சேர்க்கலாம். சுர்க்கி என்று கொத்தனார்கள் சொல்வது அதுதான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் மரபு. அதில் பயன் உண்டு. சாந்து இழைந்து வரும், மெதுவாகக் காயும். ஆனாலும் அவை இல்லாமல் நல்ல சாந்து வரும். சுண்ணாம்பு ஊறாமல் அவை மட்டும் இருந்தால் வராது. பழைய வேலையின் பெருமை முழுவதையும் கருப்பட்டிக்குக் கொடுத்துவிட்டு ஊறவைக்கும் நாட்களைக் குறைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சாந்தைக் குறுகிய கரணையால் உள்ளிருந்து அழுத்தி அடைக்க வேண்டும். இணைப்பு அகலமாக இருந்தால் சாந்தில் சிறு கல் சில்லுகளைச் செருகலாம். கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளடங்கியே நிறுத்துங்கள். கல்லின் மேல் ஏறிப் புடைத்து நிற்கும் பாயிண்டிங் பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம். அதன் மேல் விளிம்பில் மழைநீர் தங்கும். சாந்து கட்டை விரலுக்குச் சற்றே பதியும் அளவுக்கு இறுகியதும், தேங்காய் நார்த் தூரிகையால் தட்டி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். கரணையால் இழைத்து மெருகேற்றினால் மேலே ஒரு பால் ஏடு படிந்து ஈரத்தை அடைக்கும். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால். அதற்கு ஈரமும் வேண்டும், நேரமும் வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது உத்தமம்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை, செலவும் நாளும் அதிகம் என்ற எதிர்ப்பு மிக உண்மையானது. ஆனால் கணக்கை ஒரு வருடத்துக்குப் போடாமல் முப்பது வருடத்துக்குப் போட வேண்டும். சிமென்ட் பூச்சு பொரிந்ததும் அதை உடைக்கக் கூலி, அரிபட்ட கல்லுக்கு விலை, மறுபடி பூச்சு என்று செலவு சுற்றிச் சுற்றி வரும். பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால், பழகாத ஆனால் பொறுமையான கொத்தனாரை வைத்து, பின்சுவரில் ஒரு மீட்டர் சதுரத்தை மாதிரியாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பாயிண்டிங் கற்றுக்கொள்ளக் கூடிய வேலைதான். மாதிரி ஒரு மாதம் நின்று, விரிசலும் உதிர்வும் இல்லை என்றால் முன்சுவருக்குப் போகலாம். பிடிவாதமாக மறுக்க வேண்டியது ஒன்றுண்டு: 'சீக்கிரம் இறுகட்டும்' என்று சுண்ணாம்பில் ஒரு சட்டி சிமென்ட் போடும் பழக்கம். கொஞ்சமாகச் சேர்த்த சிமென்ட், சுண்ணாம்பை அதன் போக்கில் இறுகவும் விடாது, தானும் உறுதி தராது.

கல் தூண் பிளந்திருந்தால் காரணத்தை உள்ளே தேடுங்கள். தூணையும் போதிகையையும் இணைக்கவோ, பிற்காலத்தில் கம்பிக் கதவு பொருத்தவோ செருகிய இரும்பு துருப்பிடித்துப் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்திருக்கும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் இது நடந்தது. பழங்கிரேக்கர்கள் இரும்புப் பிணைப்புகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே சீரமைப்பு செய்த நிகோலாஸ் பலானோஸ், காப்பில்லாத இரும்பைப் பயன்படுத்தினார். அது துருப்பிடித்துப் பளிங்கைப் பிளக்க, 1975-ல் அமைந்த பாதுகாப்புக் குழு அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்தும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. நம் வீட்டுக்கு டைட்டானியம் வேண்டாம். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். துருப்பிடித்த இரும்பை எடுக்காமல் வெளியே விரிசலை மட்டும் எபாக்ஸியால் ஒட்டினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விழும். எபாக்ஸியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடைந்த தூணின் இரண்டு துண்டுகளை உள்ளுக்குள் ஊசியிட்டு ஒட்ட அது நல்ல பொருள். அங்கே ஈரம் கடக்க வேண்டியதில்லை. சுமை தாங்கும் தூண் என்றால், முட்டுக் கொடுத்துக் கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் உளியைத் தொடக் கூடாது.

சுத்தம் செய்வதில்தான் நல்லெண்ணம் மிகுதியாகச் சேதம் செய்கிறது. செம்புராங்கல் பூமிக்குள் இருக்கும்போது மென்மையானது; வெட்டி வெளியே எடுத்துக் காற்று பட்டபின் இறுகுவது. 1807-ல் வெளியான பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டு எழுதியது இந்தக் குணத்தைத்தான். அப்படி இறுகிய மேல்தோல்தான் கல்லின் கவசம். மணல் வீச்சோ, அழுத்தமான வாட்டர் வாஷோ அதை ஒரே நாளில் உரித்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் மென்மையான கல் மழைக்கு இரையாகும். கோயில் திருப்பணிகளில் மணல் வீசியதால் சிற்பங்களும் கல்வெட்டுகளும் மழுங்கிய கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. டைல்ஸ் கடையில் விற்கும் ஆசிட் இன்னும் மோசம்: காரையைக் கரைக்கும், கல்லில் இருக்கும் இரும்பை மஞ்சள் கறையாக வெளியே இழுக்கும், குளோரைடு உப்பைச் சுவருக்குள் விட்டுப் போகும். நல்ல தண்ணீர், நார்த் தூரிகை, பொறுமை, இவற்றால் போகாத கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் கல்லையும் சேர்த்து இழுக்கும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு எடுத்து, அந்தத் துவாரத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள்.

நிறமற்ற சிலிக்கான் பூச்சு மழையைத் தடுக்கும், மூச்சையும் விடும் என்பார்கள். நீராவியை அது விடும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் உப்பு நீராவியோடு போவதில்லை. பூச்சு ஊடுருவிய கனத்துக்குப் பின்னால் உப்பு சேர்ந்து, நாளடைவில் அந்தக் கனத்தையே பாளமாக உரித்துத் தள்ளும். புதிய, காய்ந்த, கீழிருந்து ஈரம் ஏறாத சுவருக்கு அது பயன்படலாம். நூறு வருடச் சுவர் அப்படிப்பட்டதல்ல. அதற்குரிய மேல்பூச்சு வெள்ளைச் சுண்ணாம்புதான்.

கல் முகம் நான்கு அங்குலத்துக்கு மேல் போய்விட்டாலோ, சுமை ஏற்கும் திறன் குறைந்தாலோ மட்டும் கல்லை மாற்றுங்கள். புதுச் செம்புராங்கல்லைக் குவாரியிலிருந்து வந்த ஈரத்தோடு வைக்காமல், சில மாதம் காற்றில் அடுக்கிக் காயவிட்டு, பழைய கல்லின் அளவுக்கு வெட்டிச் சுண்ணாம்புச் சாந்தில் அமர்த்துங்கள். ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு கல்லை எடுக்கக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் சாந்தின் பங்கு, மணல் எங்கிருந்து வந்தது, களிச்சுண்ணாம்பு ஊறிய நாட்கள், கிரைண்டரும் ஆசிட்டும் கூடாது என்ற நிபந்தனை, மாதிரிச் சதுரம் ஒப்புக்கொள்ளப்பட்ட தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எந்தச் சுவரில் எந்தப் பகுதியைத் தொட்டீர்கள் என்று படத்தோடு ஒரு நோட்டில் குறித்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த முறை சாந்து மாற்றும்போது உளியோடு அந்தச் சுவர் முன் நிற்கப் போகிறவருக்கு அது வேண்டும்.